ஆமேன் சொல்வதற்குள் ஆறிப்போகும் தோசை

"…திட்டியிருந்தா நாமளும் திருப்பி ரெண்டு சொல்லியிருக்கலாம். அந்த மனுஷன் சிரிச்சில்லா போட்டாரு! இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் ஒரு ஓட்டல் படி சவிட்டுவேன்? ரெண்டும் வளந்து, தானா கை கழுவி, தானா தின்னு, தானா எழும்பட்டும். அப்பம் பாக்கலாம். அதுவரைக்கும் எனக்கு ஓட்டலும் வேண்டாம், தோசையும் வேண்டாம், கேட்டீங்களா?"

நெய்யாற்றின்கரை பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு என் மனைவி இதைச் சொன்னபோது அவள் இடுப்பில் எங்கள் மகன் இருந்தான். ஒரு வயதும் மூன்று மாதமும் ஆன ஆள். கன்னத்தில் முருங்கைக்காய் நார் ஒன்று மீசைபோல ஒட்டியிருந்தது. என் விரலைப் பிடித்துக்கொண்டு நின்ற நான்கு வயது மகள், "அப்பா, அது நல்ல மாமன், இல்லியா? கடைசி வரைக்கும் கண்ணு தொறக்கவே இல்ல" என்றாள். மனைவி அவளைப் பார்த்த பார்வையில் நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அவளுடைய கோபத்துக்கு அந்த ஓட்டலில் நடந்ததுதான் காரணம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அது நான்கு வருடத்துப் பசி. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் மனைவிக்கு ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை. காலை ஏழரை மணிக்கே ஆட்கள் வந்து வரிசையில் உட்கார்ந்துவிடுவார்கள். எல்லாரும் வெறும் வயிறு. இவள் ஊசி குத்தி ரத்தம் எடுத்து, பஞ்சை வைத்து அழுத்தச் சொல்லி அனுப்பியவுடன், அவர்கள் அந்தப் பஞ்சையும் பிடித்துக்கொண்டே ரோட்டைக் கடந்து எதிரே இருக்கும் ஓட்டலுக்கு ஓடுவார்கள். லேப் ஜன்னலில் நின்று பார்த்தால் அவர்கள் தோசை தின்பது தெரியுமாம். "காலம்பற இந்த ஊருல பாதிப்பேர தோசை தின்ன அனுப்பி வைக்கிறது நானாக்கும். எனக்கு டப்பாவுல ஆறின இட்டலி" என்பாள்.

வீட்டிலும் அதே கதைதான். மூத்தவள் பிறந்த நாளிலிருந்து அவள் உட்கார்ந்து சூடாக ஒரு வாய் தின்று நான் பார்த்ததில்லை. பிள்ளை தின்று மிச்சம் வைத்ததை அடுக்களை மேடையில் சாய்ந்து நின்று தின்பாள். ஒரு கை கரண்டியில், ஒரு கண் தொட்டிலில். "நாலு வருஷமா நான் திங்கிறதெல்லாம் இவிய வேண்டாம்னு வச்சதாக்கும்" என்று அவள் சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் சிரித்துக்கொண்டு சொல்கிற சொல்தான் எனக்கு அதிகம் உறைக்கும்.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்க வேண்டாம். எனக்குக் கேரள எல்லையில் பாறசாலைப் பக்கம், எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை. நூற்றுக்கணக்கான சுற்று கம்பியை எண்ணிக்கை தப்பாமல் சுற்றுகிற கை, ஒரு தோசையைச் சுற்றிவிடாதா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே கல்லின் முன்னால் நின்றேன். அவளை மேசையில் உட்கார வைத்தேன். முதல் தோசையை எடுத்துத் தட்டில் போடும்போது சின்னவன் தொட்டிலில் வெளிக்கிருந்துவிட்டான். இரண்டாவது தோசையில் மூத்தவள் பால் டம்ளரைக் கவிழ்த்தாள். மூன்றாவது தோசை கரிந்ததற்குப் பிள்ளைகள் பொறுப்பல்ல.

"நீங்க நல்ல மனசோட செய்யிறீங்க. அது எனக்குத் தெரியும்" என்றாள் அவள், கரியைச் சுரண்டிக்கொண்டே. "ஆனா எனக்குத் தோசைதான் வேணும்னா வீட்டுல சுடத் தெரியாதா? வேற ஒருத்தி சுடணும். வேற ஒருத்தி கொண்டு வைக்கணும். நான் இருந்து தின்னணும். சூடு போறதுக்குள்ள. அவ்வளவுதானாக்கும்."

கேட்பதற்கு எவ்வளவு சின்ன ஆசை! அதற்காகத்தான் அந்தச் சனிக்கிழமை நெய்யாற்றின்கரைக்குப் போனோம்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டு ஜெபத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. நானும் அவளும் ஒரே மாதிரிப் பழைய மிஷன் சபையில் வளர்ந்தவர்கள்தான். ஆனாலும் வீட்டுக்கு வீடு ஜெபத்தின் நீளம் வேறு. என் அப்பா "ஸ்தோத்திரம்" என்று தொடங்கும்போதே அவர் விரல் சோற்றுக்குள் இருக்கும். "ஆமேன்" சொல்லும்போது முதல் உருண்டை இறங்கியிருக்கும். அவள் வீடு அப்படியில்லை. அவளுடைய அப்பா சபை ஊழியர். கிறிஸ்துமஸ் மதியத்தில் அவர் ஜெபிக்கத் தொடங்கினால் சபையில் சுகமில்லாதவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் வருவார்கள். இறைச்சிக் குழம்பில் ஆடை படிந்துவிடும். ஐந்து பிள்ளைகளில் ஒன்றுகூடக் கண் திறக்காது. ஜெபிக்கிற ஒருவரை இடையில் நிறுத்துவதும், ஆமேனுக்கு முன்னால் சாப்பாட்டைத் தொடுவதும் அவளைப் பொறுத்தவரை அடுத்தவன் வீட்டுக்குள் கதவைத் தட்டாமல் நுழைவது மாதிரி.

அந்த வித்து எங்கள் மகளிடம் முளைத்தது. ஓய்வுநாள் பள்ளியில் சாப்பாட்டு ஜெபம் சொல்லிக்கொடுத்தார்கள். நான்கு வரி. அவள் ஒரு வாரத்தில் அதை நாற்பது வரியாக்கினாள். அங்கன்வாடி டீச்சரின் கால்வலி, பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டி, மழை, பஸ் டிரைவர் எல்லாம் உள்ளே வந்தன. "அப்பா கடையில இருக்கிற எல்லா மோட்டருக்கும் சொகம் குடுக்கணும் ஏசப்பா" என்றும் ஒரு வரி உண்டு. "இவ ஜெபம் அப்படியே கேக்கப்பட்டா நாம எல்லாம் பட்டினியாக்கும்" என்று மனைவி என் காதில் சொன்னாள். ஆனால் ஒரு நாளும் நிறுத்தச் சொல்லவில்லை.

ஓட்டலில் நல்ல கூட்டம். எங்களுக்குக் கிடைத்தது நடுவில் ஒரு மேசை. அடுத்த மேசைக்கும் எங்கள் மேசைக்கும் நடுவில் ஒரு ஆள் சாய்ந்து போகிற இடம்தான். அங்கே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் தனியாக உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்தார். நெற்றியில் சந்தனம். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, எங்கள் பக்கத்துப் பேச்சில் முண்டு. எங்கேயோ நல்ல காரியத்துக்குக் கிளம்பினவர் என்று பார்த்தாலே தெரிந்தது.

மகள் சப்ளையரிடம் மலையாளத்தில் தோசை கேட்டாள். அவள் வழக்கம் அது. தோசையை மலையாளத்தில் கேட்பாள், அதற்கு நன்றியைத் தமிழில் சொல்வாள்.

மனைவியின் நெய் ரோஸ்ட் வந்தது. கூம்பு மாதிரி நிமிர்ந்து, நுனியில் ஆவி ஆடிக்கொண்டு, நெய் மணத்தோடு. அவள் முகத்தைப் பார்த்தேன். பெண் பார்க்கப் போன அன்றைக்குக்கூட என்னைப் பார்த்து அந்த முகம் அப்படி விரிந்ததில்லை. சும்மா சொல்லக் கூடாது, எனக்கே தோசையைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமை வந்தது.

மகள் செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் ஏறி நின்றாள். அங்கன்வாடி டீச்சரின் அதே குரலில், "எல்லாரும் கண்ணடைக்கணும்!" என்றாள். எங்களிடம் சொன்னதுதான். ஆனால் அந்தக் குரல் எங்கள் மேசையோடு நிற்கிற குரலில்லை. எதிர் மேசையில் இருந்த இரண்டு கல்லூரிப் பெண்கள் கையில் இருந்த போனை வைத்துவிட்டுக் கண்ணை மூடினார்கள். சாயா கொண்டு வந்த சப்ளையர் தட்டோடு அப்படியே நின்றார். வெள்ளை முண்டுக்காரரும் தின்ற கையை இலையின் மேல் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டார்.

"அன்பான ஏசப்பா, இந்த நல்ல ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம்…"

டீச்சர் வந்தார். கன்றுக்குட்டி வந்தது. மோட்டார் வந்தது. அன்றைக்குப் புதிதாகச் சப்ளையர் மாமனும், கடைக்குள் இருந்த மீன் தொட்டியும், மீன் ஒவ்வொன்றும் நிறம் நிறமாக வந்தன. எல்லாக் கண்ணும் மூடியிருந்த அந்த ஓட்டலில் இரண்டு கண் மட்டும் திறந்திருந்தது. சின்னவனுடையது. அம்மாவின் மடியிலிருந்து மெல்லச் சாய்ந்து, அடுத்த மேசையின் ஓரத்தில் இருந்த சாம்பார் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் இழுத்திருக்கிறான். 'டங்' என்று கிண்ணம் தரையில் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. யாருடைய கரண்டியோ என்று நினைத்துவிட்டேன். நல்லவேளை, ஆறின சாம்பார்.

"ஆமேன்" என்று மகள் சொல்லி முடித்ததும் கண்ணைத் திறந்தோம். வெள்ளை முண்டின் மடியிலிருந்து கால் வரைக்கும் மஞ்சள் ஆறு ஓடியிருந்தது. நடுவில் ஒரு கத்தரிக்காய்த் துண்டு. அந்த மனிதர் இன்னும் கண்ணை மூடியே இருந்தார்.

"மோளே, ஆமேன் கழிஞ்சா? இனி கண்ணு தொறக்கலாமா?" என்று கேட்டார் அவர்.

"தொறக்கலாம்" என்றாள் மகள்.

திறந்து, குனிந்து பார்த்தார். "நனையிறது அப்பவே தெரிஞ்சுது" என்றார். "கொச்சு பிள்ளை பிரார்த்தனை செய்யுதில்லா, முடியட்டும்னு இருந்தேன்." அப்புறம் சிரித்தார். சத்தமாக, வயிறு குலுங்க. கோட்டுகாலில் அவருடைய தங்கை மகளுக்கு நிச்சயம். அங்கே போகிற வழியில் பசிக்கு ஒதுங்கினவர். என் மனைவி கையில் இருந்த பிள்ளைத் துணியை நனைத்துத் துடைக்கப் போனாள். துடைக்கத் துடைக்க மஞ்சள் பரந்தது. எதிர்க் கடையில் வேறு முண்டு வாங்கித் தருகிறேன் என்று நான் கிளம்பினேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "நிச்சயம் பொண்ணுக்காக்கும் பிள்ளே, எனக்கில்ல" என்றார். பிறகு எழுந்து, கறை உள்ளே போகிற மாதிரி முண்டை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டினார். வெளியே ஒன்றும் தெரியவில்லை. "பாத்தீங்களா, முண்டுக்குள்ள இந்த வசதி உண்டு" என்று சொல்லிவிட்டு, மகளின் தலையில் ஒரு தட்டுத் தட்டி, பஸ் பிடிக்கப் போய்விட்டார்.

மனைவி அந்தத் தோசையைத் தொடவில்லை. கூம்பு அதற்குள் சரிந்து, சுருங்கி, தட்டில் படுத்துவிட்டிருந்தது. எழுந்து வெளியே வந்துவிட்டாள். பேருந்து நிறுத்தத்தில் சொன்னதை முதலிலேயே எழுதிவிட்டேன். அதற்கு அப்புறமும் பாறசாலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, கொஞ்ச தூரம் வந்த பிறகு திடீரென்று என் தோளைத் தட்டினாள்.

"அங்க போய் என்ன செய்வாரு?"

"யாரு?"

"அந்த ஆளு. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவங்க முன்னால முண்ட மடிச்சுக் கட்டிக்கிட்டு நிக்க முடியுமா? மரியாதை இல்லியே. இறக்கி விட்டாலோ சாம்பாரு தெரியும்."

எனக்கு அது தோன்றவே இல்லை. எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் எதிரே வந்தால் மடித்துக் கட்டின முண்டைக் கை தானாகவே இறக்கிவிடும். இறக்காவிட்டால் திமிர் என்று பேர். பொண்ணின் தாய்மாமன் வேறு. அன்று முழுவதும் அவளுக்கு அதே வெப்ராளம், அதே தவிப்பு. ஒரு வாரம் கழித்துக்கூடத் துணி காயப் போட்டுக்கொண்டே, "இறக்கி விட்டிருப்பாரா?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு நான்கு மாதம் ஓட்டல் என்ற பேச்சே கிடையாது. நான் பார்சல் வாங்கி வந்து பார்த்தேன். வீட்டுக்கு வந்து பொதியைப் பிரித்தால் நெய் ரோஸ்ட் இலையோடு ஒட்டிக்கொண்டு ஈரமாகக் கிடக்கும். "இது தோசையில்ல, மழையில நனைஞ்ச நோட்டுக் கடலாசு" என்றாள். ஆனாலும் தின்றாள். மேடையில் சாய்ந்து நின்றுதான்.

கடைக்கு மோட்டார் கொண்டுவருகிற ஒரு அண்ணனிடம் இந்தச் சங்கடத்தைச் சொன்னேன். அவருக்கு மூன்று பிள்ளைகள். "மக்கா, பிள்ளையளோட ஓட்டலுக்குப் போறது நனைஞ்ச கையோட பியூசு போடுறதுபோலயாக்கும். ஒண்ணும் நடக்காம வந்தா கர்த்தர் காத்தாருன்னு நினைச்சுக்கோ" என்றார். எனக்கு விளங்குகிற மாதிரி என் தொழிலிலேயே சொல்லிவிட்டார். கூடவே ஒரு யோசனையும் சொன்னார். ஓட்டலுக்குள் நுழைவதற்கு முன்பே, ரோட்டில் வைத்தே ஜெபத்தை முடித்துவிட்டால் என்ன?

நல்ல யோசனை என்று வீட்டுக்கு வந்து மகளிடம் கேட்டேன். "தோசை வராம எப்பிடி அப்பா தோசைக்கு நன்றி சொல்றது? அவங்க இட்டலி கொண்டு வந்தா?" என்றாள். மனைவி உள்ளேயிருந்து, "நியாயமில்லா பேசுது!" என்றாள்.

"அப்போ கொஞ்சம் சுருக்கமா ஜெபிக்கச் சொல்லேன்" என்றேன் நான் மனைவியிடம்.

"நான் சொல்ல மாட்டேன். ஜெபிக்கிற பிள்ளைக்கு வாட்ச் காட்ட நான் யாரு? வேணும்னா நீங்க சொல்லுங்க."

நானும் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை என்பதுதான் உண்மை. யார் பேரும் விட்டுப்போகக் கூடாது என்று விரலை மடக்கி மடக்கி ஜெபிக்கிற பிள்ளையிடம், இதில் யாரை விடு என்று சொல்வது?

அப்படியே விட்டிருந்தால் பிள்ளைகள் வளரும்வரை அவள் சொன்ன சொல் நின்றிருக்கும். ஆனால் ஒற்றசேகரமங்கலத்தில் இருக்கும் அவளுடைய அக்கா பித்தப்பை ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்திருந்தார். பார்க்கப் போனோம். அங்கே சமையல் செய்தது, பாத்திரம் கழுவியது, அக்காவுக்குக் கஞ்சி ஊட்டியது எல்லாம் என் மனைவிதான். திரும்பி வரும்போது காட்டாக்கடையில் பஸ் மாற வேண்டும். இறங்கினோம், மழை பிடித்தது. எங்கள் பஸ் போய்விட்டது, அடுத்ததற்கு ஒரு மணி நேரம் உண்டு என்றார்கள். மணி நாலு. மகள், "அம்மா, பசிக்குது" என்றாள். மனைவி பையைத் திறந்தாள். பிஸ்கட் தீர்ந்திருந்தது. சின்னவன் அழத் தொடங்கினான்.

நாங்கள் மழைக்கு ஒதுங்கிய கடை வரிசையில் ஒரு சின்ன ஓட்டல். பெண்கள் சேர்ந்து நடத்துவது. மூன்றே மேசை. ஒன்றிலும் ஆள் இல்லை. வாசலை ஒட்டியே தோசைக்கல். பச்சைத் தொப்பி போட்ட ஒரு சேச்சி கல்லில் தண்ணீர் தெளித்தாள். 'ஸ்ஸ்' என்று சத்தம் வந்தது.

"யாருமே இல்ல பாரு. சாம்பார் ஊத்துறதுக்கு ஒரு முண்டுகூட இல்ல" என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்ததை விழுங்கிக்கொண்டு, "பிள்ளையளுக்கு வாங்கிக் குடுங்க. எனக்கு ஒரு சாயா போதும்" என்றாள். உள்ளே வந்தாள். ஆனால் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தாள். பை தோளில், பிள்ளை மடியில். பஸ்ஸில் அடுத்த நிறுத்தத்தில் இறங்க வேண்டியவள் மாதிரி.

சேச்சி வந்து என்ன வேண்டும் என்றாள். மகள் மலையாளத்தில் தனக்கும் தம்பிக்கும் சொன்னாள். நான் இரண்டு நெய் ரோஸ்ட் என்றேன்.

"ரெண்டாவது யாருக்கு?" என்றாள் மனைவி.

"உனக்கு."

"எனக்கு வேண்டாம்னு சொன்னேனில்லா?"

சேச்சிக்குத் தமிழ் நன்றாகவே வந்தது. "நெய் ரோஸ்ட்டு வேண்டாம்னு சொல்ற முகமா இது? காலம்பற தொட்டு ஒண்ணும் தின்னல்ல, இல்லியா?" என்றாள். லேபில் தின்னாதவர்களை ஒரு பார்வையில் கண்டுபிடிப்பது என் மனைவியின் வேலை. அன்று அவளை ஒருத்தி கண்டுபிடித்துவிட்டாள்.

சேச்சி சின்னவனைப் பார்த்துக் கையை நீட்டினாள். "கொச்சு பிள்ளைய இங்க தா மோளே. எனக்கும் ரெண்டு உண்டு. ஒருத்தன் கல்ஃபுல, ஒருத்தன் பெங்களூருல. இப்பம் இடுப்புல எடுக்க விட மாட்டானுவ."

"அழுவான் சேச்சி."

"அழட்டு. அழுதா தோசை சுடுறது நின்னுபோவுமா?"

மனைவி தயங்கினாள். என்னைப் பார்த்தாள். நான் மழையைப் பார்த்தேன். இந்த மாதிரி இடத்தில் கணவன்மார் வாயைத் திறந்தால் நடக்க இருந்ததும் நடக்காது. அவள் பிள்ளையைக் கொடுத்தாள். அவன் சேச்சியின் பச்சைத் தொப்பியைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். வந்துவிட்டது. அழ மறந்துவிட்டான். சேச்சி அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு, கல்லை விட்டு எட்டி நின்று, உள்ளே இருந்த இன்னொருத்தியிடம் மாவை ஊற்றச் சொன்னாள்.

மனைவியின் மடி காலியாக இருந்தது. அவள் இரண்டு கையையும் மேசையில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். வெறும் கையை என்ன செய்வது என்று தெரியாதவள் மாதிரி.

தோசை வந்தது. சேச்சியின் கூட்டாளி அதை முதலில் மனைவியின் முன்னால் வைத்தாள். பொன்னிறத்தில் நீளமாகச் சுருட்டி, தட்டின் இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு. ஓரத்தில் நெய் இன்னும் பொரிந்துகொண்டிருந்தது. தொட்டுக்கொள்ளச் சிவப்புச் சம்மந்தி ஒன்று, தேங்காய் அரைத்த வெள்ளைச் சம்மந்தி ஒன்று.

மகள் செருப்பைக் கழற்றினாள். நாற்காலியில் ஏறினாள்.

"எல்லாரும் கண்ணடைக்கணும்!"

சேச்சி இடுப்பில் பிள்ளையோடு திரும்பிப் பார்த்தாள். கூட்டாளி கரண்டியை மாவுப் பாத்திரத்தில் வைத்தாள். நானும் மூடினேன். மூடுவதற்கு முன்னால் மனைவியைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே மூடியிருந்தாள். கை இரண்டும் மடியில், முதுகு நேராக, அவளுடைய அப்பாவின் கிறிஸ்துமஸ் மேசையில் இருந்தது மாதிரி.

"அன்பான ஏசப்பா, இந்த நல்ல ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம். சுட்டுத் தந்த சேச்சிக்காக ஸ்தோத்திரம். அந்தச் சேச்சிக்காகவும். தொப்பிக்காகவும். பெரியம்மைக்கு வயித்துல தையல் வலிக்கக் கூடாது. டீச்சருக்குக் கால் வலிக்கக் கூடாது…"

மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. நெய் மணம் என் மூக்கின் முன்னால் நின்றது. அதில் சூடு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது என்று எனக்கே தெரிந்தது. கன்றுக்குட்டி வந்தது; அது இப்போது வளர்ந்துவிட்டதாம். ஆண்டவரே, மோட்டாரும் பஸ்ஸும் இன்னும் பாக்கியிருக்கிறதே என்று நான் எனக்குள்ளே தனியாக ஒரு ஜெபம் செய்தேன்.

"…அப்பா கடை மோட்டருக்கு சொகம் குடுக்கணும். பிறகு, ஏசப்பா, எங்க அம்மை எப்பவும் ஆறினது திங்கிறா. வீட்டுலயும் ஆறினது, லேப்லயும் ஆறினது. இன்னைக்கு அம்மைக்குச் சூடா தோசை குடுக்கணும். பிறகு, பஸ் டிரைவர் மாமனுக்கு…"

அதை அவள் மற்றதைப் போலவேதான் சொன்னாள். கால்வலிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில், ஒரு விரலை மடக்கி, அடுத்த விரலுக்குப் போய்விட்டாள். நாங்கள் பேசினதை எல்லாம் எப்போது கேட்டாள் என்று எனக்குத் தெரியாது. நான் கண்ணைத் திறந்துவிட்டேன்.

மனைவியும் திறந்திருந்தாள். மகளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை. தோசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் நடுவிலிருந்து மெல்லிசாக ஒரு ஆவி வந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். மகள் டிரைவரை முடித்துக் கண்டக்டருக்கு வந்திருந்தாள். அவருக்குச் சில்லறை கிடைக்க வேண்டுமாம்.

மனைவி தோளிலிருந்து பையை இறக்கித் தரையில் வைத்தாள். வலது கையை நீட்டித் தோசையின் ஓரத்தைப் பிடித்தாள். 'நொறுக்'. அந்தச் சின்ன ஓட்டல் முழுக்கக் கேட்கிற சத்தம். மகளின் குரல் ஒரு நொடி நின்றது. கண்ணைத் திறக்காமலே தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு கண்டக்டரிடமே திரும்பிப் போனாள். மனைவி அந்தத் துண்டைச் சிவப்புச் சம்மந்தியில் தொட்டு வாயில் வைத்தாள். சூடு பட்டு வாயைத் திறந்து ஊதினாள். மெல்ல மென்றாள். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, கண்ணை மூடுங்கள் என்று புருவத்தால் எனக்குச் சொன்னாள். சொல்லிவிட்டு, நாற்காலியை மேசைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டு, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, அடுத்த துண்டைப் பிய்த்தாள்.